சத்தம் போடாத விமானம்

தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலில், சீருடை போட்ட இரண்டு விமானிகள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். விமான நிலையம் போகும் ஜிஎஸ்டி சாலையில் ஒரே நெரிசலாம், அதனால் ரயில். எட்டாம் வகுப்போடு நின்று நாலு லாரிக்கு முதலாளியானவன் நான். என்ஜின் பேச்சு என் காதுக்குத் தப்பாது.

"புது விமானம் சத்தமே போட மாட்டேங்குது. அதான் எனக்கு பேஜாரு," என்றார் நரைத்தவர்.

"பழசுல லண்டன் போய் இறங்கினா ரெண்டு நாளைக்குக் காது அடைச்சுக்கும் சார். இதுல அலுப்பே தெரியலை," என்றார் இளையவர்.

"பழசுல சத்தம் லேசா மாறினாலே என் முதுகு சொல்லிடும்டா."

"முதுகு சொல்லட்டும். இன்னிக்கு நீங்க ஓட்டுறதைப் பக்கத்துல உக்காந்து செக் பண்ணப் போறது நான். முன்னாடி இருக்கற ஸ்கிரீனைப் பாக்காம கன்ட்ரோல்ல கை வெச்சீங்க, ஃபெயில் போட்டுடுவேன். அப்புறம் வீட்லதான் உக்காரணும்."

"பழைய விமானத்தை எல்லாம் நிறுத்திட்டாங்க. என்னை எவன்டா நிறுத்துவான்?"

விமான நிலையத்துக்கு இறங்கும் திரிசூலம் வந்தது. நரைத்தவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து புத்தம் புதுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கண்ணாடியா! எப்போ சார்?"

"நேத்துதான், குரோம்பேட்டையில. உன் ஸ்கிரீனைப் பாக்க வேணாமா? இறங்குடா."