மேல இருக்கற படம்

மத்தியானம் ரெண்டே கால் மணி. ஞாயித்துக்கிழமை. ஏன் சிரிக்கறீங்க? பேய்னா ராத்திரி டூட்டி மட்டும்தான் பாக்குமா? கிட்ட வாங்க... கத்த மாட்டேன்.

ஆளே இல்லாத பைபாஸ் ரோடு. என் ஃப்ரெண்டோட மச்சினன் பைக்ல தனியா ஆபீசுக்குப் போறார். ஒரு பத்திரிகையோட வெப்சைட் சர்வரப் பாத்துக்கறவர். அவரோட அண்ணனுக்கும் அங்கயேதான் வேலை. அதுக்கு இருபது நாள் முன்னாடி தம்பிக்குக் காய்ச்சல்னு, அவர் டூட்டிக்கு அண்ணன் கிளம்பினார். ராத்திரி எட்டு மணி. இதே ரோட்ல லாரி... முடிஞ்சுபோச்சு.

தம்பி அழல. சாப்பிடுங்கன்னா சரிம்பார். தூங்குங்கன்னா சரிம்பார். "நீங்க போக வேண்டிய ரோடு தம்பி அது"ன்னு அண்ணி ஒரே ஒரு தடவ சொன்னாங்க. அதுக்கும் சரின்னார்.

ஆபீஸ்ல யாரும் இல்ல. சூடான வயர் வாசம். டிக்... டிக்... சர்வர்ல ஒரு டிஸ்க் சாகக் கிடக்குது.

சைட்டுக்கு ரெண்டு டிஸ்க். கீழ பழசு, மேல புதுசு. அடுக்கி வெச்சு, பாக்கறவனுக்கு ஒரே ஃபோல்டரா காட்டணும். ரெண்டுலயும் ஒரே பேர்ல படம் இருந்தா மேல இருக்கறதுதான் தெரியும். கீழ இருக்கறது எங்கயும் போகாது, மறைஞ்சிருக்கும். சாகக் கிடந்தது புதுசு. அத அடுக்குலேர்ந்து எடுக்க செட்டிங்ல ஒரு வரி அழிச்சா போதும். அழிச்சார்.

சரியா வருதான்னு பாக்கணுமே. கை தானா அண்ணனோட இரங்கல் செய்தியத் திறந்துச்சு. அண்ணன் படம் புது டிஸ்க்லதான் இருந்துச்சு, அதனால அந்த இடம் காலியா இருக்கணும். காலியா இல்ல.

தம்பியோட படம்.

பழைய டிஸ்க்ல ரெண்டு வருஷமா யாரும் எழுத முடியாது. பூட்டி வெச்சது. ஆனா அதுல, அண்ணன் படத்தோட அதே பேர்ல, இந்தப் படம். தேதியப் பாத்தார். அண்ணன் போன அன்னிக்கு, சாயந்திரம் ஏழு மணி. ஏழுக்கே சாவுச் செய்திக்கு இவர் படத்தப் போட்டாச்சு. எட்டுக்குக் கிளம்பின அண்ணன் மேல போய் மறைச்சுட்டார்.

போன். அண்ணி. தினமும் அந்தப் பக்கத்தத் திறந்து புருஷன் முகத்தப் பாக்கறவங்க.

"தம்பி... இங்க உங்க படம் வருது."

"திருப்பிப் போட்டுடறேன் அண்ணி. ஒரு வரிதான்."

டிக்... டிக்...

"இப்படியே விட்டா... அவர் வந்துருவாரா தம்பி?"

பயம் வந்திருக்கணும். வரல. அதான் எனக்குப் பாவமா இருக்கு.

"சரி அண்ணி"ன்னார். புது டிஸ்க் வயரப் பிடுங்கினார். சத்தம் நின்னுச்சு.

சாயந்திரம் என் ஃப்ரெண்டு தேடிப் போனான். பைக் வாசல்ல நிக்குது. செருப்பு நாற்காலிக்கு அடியில. ஆள் இல்ல... இன்னி வரைக்கும் இல்ல.

அண்ணிகிட்ட சொல்லணுமேன்னு ஓடினான். அவங்க சோறு போட்டுட்டு இருந்தாங்க. ரெண்டு தட்டு.

"மெதுவாப் பேசுங்க. இப்பதான் சாப்பிட உக்காந்தார்."

எதிர் நாற்காலி காலிதான். ஆனா அந்தத் தட்டுல சோறு குறைஞ்சுட்டே வந்துச்சுன்னு சத்தியம் பண்றான்.