நியூட்ரலில் விடாத கார்

உட்காருங்கள் ஐயா. மெத்தை மேலேயே உட்காரலாம், வாங்கச் சொல்லி வற்புறுத்த மாட்டேன். வண்டியை எங்கே விட்டீர்கள்? கியரில் போட்டு நிறுத்தியிருந்தால் ஒரு நடை போய் நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு வந்துவிடுங்கள். இந்தத் தெருவில் அது மரியாதை இல்லை.

கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே ஜிம், எதிரே டியூஷன் சென்டர். கட்டடங்கள் எல்லாம் வளர்ந்துவிட்டன, தெருவின் அகலம் மட்டும் வளரவில்லை. வண்டிகள் இரண்டு வரிசையாகத்தான் நிற்கும். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. இரண்டாவது வரிசையில் விடுகிறவர் ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் ஒரு கையால் தள்ளிவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொள்வார். தரை சமம், தொட்டில் மாதிரி நகரும். சாவி தேட வேண்டாம், ஹாரன் அடிக்க வேண்டாம். இதைக் கொண்டுவந்தவன் நான்தான். கேட்டுப் பாருங்கள், ஒருவர்கூட இல்லை என்று சொல்லமாட்டார்.

இதைக் கலைக்க வந்தவர் என் தங்கையின் கணவர். அப்பா கடையை எனக்கும், கடைக்கு மேலே உள்ள வீட்டைத் தங்கைக்கும் கொடுத்துவிட்டுப் போனார். மச்சான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், குடியிருக்கிறவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு நகராட்சியில் மனுப் போட்டார். கடைப் பக்கம் வண்டியே நிற்கக் கூடாதாம்.

"மெத்தை வாங்குறவங்க அதைத் தலையில சுமந்துக்கிட்டா போவாங்க, மச்சான்?" என்று கேட்டேன்.

"உங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு படுத்துப் பாத்து, ஒரு குறட்டை விட்டுட்டுத்தானே போறாங்க? அவங்களுக்கு எதுக்கு மச்சான் பார்க்கிங்?"

நல்ல வாய் அவருக்கு. நானும் சிரித்தேன். காலையில் கடைக்கு, மாலையில் வீட்டுக்கு என்றேன். வாசலை மட்டும் விட்டுவிடுகிறோம் என்றேன். அவர் இறங்கி வரவில்லை. கடைசி விலையை முதலிலேயே சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆள். நான் தராசுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் ஐயா, எனக்கு அது புரியாத பாஷை. பேசுவதை நிறுத்திக்கொண்டோம்.

அன்று காலை நகராட்சியில் விசாரணை. மனுப் போட்டவர் வராவிட்டால் மனு தள்ளுபடி. எனக்குத் தேவைப்பட்டது அவருடைய தாமதம் மட்டும்தான், வேறொன்றும் இல்லை.

வெளியூர்க்காரர் ஒருவர் கட்டில் மெத்தை பார்க்க வந்தார். பெரிய வண்டி. "எங்க விடுறதுன்னே தெரியல. நீங்களே விட்டுடுங்கண்ணே, நான் ஒரு வேலைய முடிச்சிட்டு வந்துடுறேன்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டியை மச்சான் வீட்டு கேட்டை ஒட்டி, உள்ளே நின்ற அவர் கார் வெளியே வர முடியாதபடி நிறுத்தினேன். கியரில் போட்டேன். கைப்பிரேக்கை ஏற்றினேன். ஸ்டீயரிங்கை நடைபாதைப் பக்கம் ஒடித்துப் பூட்டினேன். சாவி சட்டைப் பையில்.

மச்சான் ஃபைலோடு இறங்கி வந்தார். முந்தைய வருடம்தான் அவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொல்லும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன். மற்ற நாளாக இருந்தால் "மச்சான், ஒரு கை குடுங்க" என்று கூப்பிட்டிருப்பார். அன்று கூப்பிடவில்லை. பேச்சு இல்லையே.

கடைக் கண்ணாடியில் தெரிந்தது. தெருப் பழக்கப்படி முதலில் ஒரு கையால் தள்ளினார். பிறகு இரண்டு கையால். பிறகு திரும்பி நின்று முதுகைக் கொடுத்தார். நான் ஒரு தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றி முடித்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஓடி வா! இந்த வண்டிய நகத்து!" என்று தங்கை மாடிப்படியில் கத்தினாள்.

முதலில் ஓடியவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜிம் பையன்கள் வந்தார்கள், பிரிண்டிங் கடைக்காரர் வந்தார். நானும் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். குனிந்தபோது சாவி நெஞ்சில் குத்தியது.

"எந்த ஊர்க்காரன்டா இவன், பிரேக்கப் போட்டுட்டுப் போயிருக்கான்? கையில சிக்கட்டும்" என்றார் பிரிண்டிங் கடைக்காரர்.

"தெரியாதவங்க" என்றேன்.

ஆம்புலன்ஸ் தெருமுனையைத் தாண்டி வரமுடியவில்லை. மச்சானை மெத்தையில் கிடத்தி, வண்டிகளின் இடுக்கு வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். இருப்பதிலேயே நல்ல மெத்தையாகப் பார்த்துத்தான் எடுத்தேன். பிளாஸ்டிக் உறையை நானே கிழித்தேன்.

அரைமணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். முதலில் சொல்கிற விலையை யார் ஐயா அப்படியே ஏற்றுக்கொள்வது? கொஞ்சம் பேசியிருந்தால் கால்மணிக்கு வந்திருப்பார். கால்மணி நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது?

தங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால், கேட்டுக்கு முன்னால் அந்த வெளியூர்க்காரர் காத்துக்கொண்டு நிற்கிறார். "அண்ணே, சாவி?" என்றார். கை தானாகப் பைக்குள் போய்விட்டது. வாடிக்கையாளர் பொருளைக் கேட்டால் எடுத்துக்கொடுத்துப் பழகிய கை.

தங்கை அந்தச் சாவியையே பார்த்தாள். "தள்ளும்போதும் உன் பையிலதான் இருந்துச்சா?" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசவில்லை. உங்களிடம்தான் பேசியிருக்கிறாள்.

கொன்றேன் என்கிறாள் அவள். தாமதப்படுத்தினேன் என்கிறேன் நான். இரண்டுக்கும் நடுவே இடம் இருக்கிறது, அவளும் கொஞ்சம் இறங்கி வரலாம். என் பங்குக்கு நான் இறங்கிவிட்டேன். அவர் என்னைக் கூப்பிட மாட்டார், தனியாகத்தான் தள்ளுவார், அந்த நெஞ்சு தாங்காது என்று வண்டியைப் பூட்டும்போதே எனக்குத் தெரியும். இதை ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கும் கீழே இறங்கச் சொன்னால் எனக்குக் கட்டுப்படியாகாது, ஐயா.