பூங்காவுக்கு ஏது கதவு

— அசத்திட்டாடி நம்ம குட்டி! ஒத்திகையில அவ குரல் நடுங்கினதைக் கேட்டு எனக்கே புல்லரிச்சுப் போச்சு.

— எந்த இடத்துலங்க?

— பூங்காவுல அந்த ஆள் அவ கையைப் புடிச்சு இழுக்கிறான்ல, அங்கதான். நம்ம தெருச் சங்கத்துல கூட்டம்னாலே பேச்சு, பேச்சு, கடைசியில கொட்டாவி. நாளைக்கு இந்த நாடகத்தைப் பாத்தா தெருவே முழிச்சுக்கும் பாரு. பிள்ளைங்களை யாரை நம்பி விடறோம்னு ஒவ்வொருத்தனும் யோசிப்பான்.

— அந்தக் கெட்டவன் வேஷம் யாரு?

— நம்ம மாடி வீட்டு டியூஷன் சார்தான். அந்த வேஷம்னதும் அவனவன் நழுவிட்டான். இவரா வந்து நின்னாரு. என்ன மனசுடி! குடியிருக்கிறவர்னு பேருதான், கூடப் பொறந்த தம்பி மாதிரி.

— குட்டி என்ன வசனம் சொன்னா?

— நான் எழுதினது, 'தொடாதே, அம்மாகிட்ட சொல்லிடுவேன்'. அவ அதை விட்டுட்டு சொந்தமா ஒண்ணு போட்டா பாரு! 'கதவைத் திறங்க சார், அம்மா தேடுவாங்க'ன்னா. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. இதையே வெச்சுக்கோன்னு சொல்லிட்டேன்.

— ஏங்க.

— என்னடி?

— பூங்காவுக்கு ஏதுங்க கதவு?

— சின்னப் பிள்ளை, ஏதோ வாயில வந்ததை...

— நாடகத்துல சாரும் கிடையாதே. யாரைக் கூப்பிட்டா?

— சும்மா இரு. அவரைப் போய்...

— டியூஷனுக்குப் போகமாட்டேன்னு அழுதாளே. சோம்பேறின்னு நான் திட்டினேன். நீங்க கையைப் புடிச்சு மாடியில கொண்டுபோய் விட்டீங்க.

— ஐயோ... நான் கைதட்டினேன்டி. எல்லாரையும் தட்டச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லுன்னு அவனையே பக்கத்துல நிக்க வெச்சேன். அவன் சிரிச்சான். கூட சேர்ந்து நானும் சிரிச்சேன். நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மைக்கைப் புடிப்பேன்?

— மைக் கிடக்கட்டும். மெதுவாப் பேசுங்க, குட்டி வாசப்படியில நிக்கிறா.

— வாடா கண்ணு... பயப்படாத. அப்பாகிட்ட நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?

— இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேனேப்பா. நீங்க மறுபடி சொல்லச் சொன்னீங்க. இன்னும் நல்லா சொன்னா அவரைப் போகச் சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்.