தைலாயி கூப்பிட்ட வேளை

கரண்டும் வராத, ரோடும் வராத காலம். காவேரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற தாழைவெளிங்கற ஊர்ல, தைலாயின்னு ஒருத்தி இருந்தாளாம். இருந்தாளாம் என்ன, இருந்தா. எங்க வழியில வந்தவதான். பண்ணையாள் வேம்பனோட பொண்டாட்டி. நெடுநெடுன்னு உசரம். நடவுக்கு எறங்கினா அவ கை போற வேகத்தைப் பாக்கக் கண்ணு பத்தாதாம்.

ஊரு பூரா ஒரே பண்ணை. நெலம் பண்ணையோடது, மாடு பண்ணையோடது, குடிசை நிக்கற மண்ணும் பண்ணையோடது. அந்தக் குடிசையில பொறக்கற புள்ளையும் பண்ணையோடதுன்னுதான் பேச்சு.

நடவு காலம் வந்துட்டா பொம்பளைங்க விடியறதுக்குள்ள சேத்துல எறங்கணும், பொழுது சாய்ஞ்சு ஏறணும். கைப்புள்ளைங்களை வரப்போரத்துல இருந்த புங்கமரத்துல பழம்புடவையால ஏணை கட்டித் தொங்கவிட்டுடுவாங்க. பொன்னுருவின்னு ஒரு கிழவி. கால் விழுந்து போனவ. அவதான் கீழ உக்காந்து அத்தனை ஏணையையும் ஆட்டிவிடணும். அதுக்கு அவளுக்கு ஒரு மரவை கூழு.

புள்ளை அழுதா தாய்க்காரி சேத்துக் காலோட வரப்பேறுவா, பால் குடுப்பா, எறங்குவா. அப்படித்தான் நடந்துக்கிட்டு இருந்துச்சாம். ஒருநாளு பண்ணை ஐயா வில்வண்டியில வந்தவரு, நடவைப் பாத்துட்டு வண்டியை நிறுத்தினாராம்.

“என்னய்யா சீராளா, நடவு நடக்குதா, சந்தை நடக்குதா? ஒருத்தி ஏறறா, ஒருத்தி எறங்கறா!”

சீராளன்ங்கறவன் பண்ணைக்குக் காரியக்காரன். ஆளுங்களை வேலை வாங்கறது அவன்தான். “பாத்துக்கறேன் ஆண்டே, நாளையிலேருந்து யாரும் ஏற மாட்டாங்க”ன்னானாம்.

மறுநாளு காலையில ஒரு தகர டப்பியைக் கொண்டாந்து பொன்னுருவி கையில குடுத்தான். உள்ள கறுப்பா, பிசுபிசுன்னு ஏதோ இருந்துச்சு.

“மாந்த மருந்து. உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்னு ஐயா டவுன்லேருந்து வரவழைச்சிருக்காரு. காலையில ஒவ்வொண்ணு நாக்குலயும் கடுகளவு தடவு. வயித்து வலி வராது, அழாது, தூங்கும்.”

பொம்பளைங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? பண்ணை வீடு இருந்த தெசையைப் பாத்துக் கும்பிட்டாங்களாம். நம்ம புள்ளைங்களுக்கும் மருந்து வாங்கித் தர ஒரு மனசு இருக்கேன்னு கும்பிட்டாங்களாம்.

அன்னையிலேருந்து புங்கமரத்தடியில சத்தமே இல்ல. புள்ளைங்க தூங்குச்சு. காலையில கண்ணை மூடினா சாயங்காலம் வரைக்கும் தூங்குச்சு. தாய்மாருக்கு மார் கல்லாக் கட்டிக்கிச்சு, புடவை நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. ஏறிக் குடுக்கலாம்னா, “தூங்கற புள்ளையை எழுப்பறியா, நடு நடு”ன்னு சீராளன் வெரட்டுவான். சாயங்காலம் ஓடி வந்து, மொகத்துல தண்ணியைத் தெளிச்சு எழுப்பினா, புள்ளை ரெண்டு வாய் சப்பிட்டு மறுபடியும் தலையைச் சாய்ச்சுக்கும்.

அப்பறம் புள்ளைங்க வத்த ஆரம்பிச்சுதுங்க. கண்ணு குழிஞ்சுது, கழுத்து நிக்கல, தொடையில தோலு தொங்குச்சு. ஒண்ணு போச்சு. இன்னொண்ணு போச்சு. கேட்டா மாந்தம்பான் சீராளன், மறுபடி கேட்டா கணைச்சூடும்பான்.

தைலாயிக்கு ஒரு பொம்பளைப் புள்ள. இன்னும் பேரு வைக்கல, குஞ்சுன்னு கூப்பிடுவாங்களாம். ஒருநாளு சாயங்காலம் ஏணையில கையை விட்டா, குஞ்சு சில்லுன்னு கெடந்துச்சு. தைலாயி போட்ட சத்தத்துல வயல்ல இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் போச்சாம்.

சீராளன் வந்தான். குனிஞ்சுகூடப் பாக்கல. கையில இருந்த புளியம் விளாரால ஏணைத் துணியைத் தள்ளிப் பாத்துட்டுச் சொன்னான்:

“உன் ஒடம்பு சூட்டு ஒடம்புடி. பால் கெட்டுப்போயிருக்கு. தாய்ப்பாலே வெசமாயிட்டா மருந்து என்ன பண்ணும்? பொதைச்சிட்டு நாளைக்கு வேலைக்கு வந்துடு.”

வேம்பனும் அதையே புடிச்சுக்கிட்டான். “பெத்ததை நீயே கொன்னுட்டியேடி”ன்னு தலைமுடியைப் புடிச்சு அடிச்சானாம். தைலாயி தடுக்கல. அவளும் அதை நம்பிட்டா. தன் மாரைத் தானே குத்திக்குவாளாம். மல்லியப்பூவை வெச்சுக் கட்டினா பால் வத்தும்னு சொன்னாங்க, கட்டிக்கிட்டா. அந்தப் பூ வாசம் வந்தாலே வாந்தி வருமாம் அவளுக்கு.

பால் வத்தறதுக்குள்ள பண்ணை வீட்டுல ஒரு சங்கதி நடந்துச்சு. ஐயாவோட மருமக குமுதவல்லிக்கு ஆம்பளைப் புள்ள பொறந்துச்சு. பெத்தவளுக்குக் காய்ச்சல், பால் இல்ல. மாட்டுப் பாலைக் குடுத்தா புள்ளை கக்குது. நாளுக்கு நாள் துவளுது.

“எவளுக்காவது பால் இருக்கா பாருய்யா”ன்னு ஐயா பதறினாராம்.

சீராளன் சொன்னான்: “தைலாயிக்கு இருக்கு ஆண்டே. புள்ளை போயிருச்சு. பால் வீணாத்தான் போவுது.”

வந்து கூப்பிட்டான். தைலாயி கேட்டா: “என் பாலு வெசம்னீங்களே சாமி?”

“வாயை மூடிக்கிட்டு வாடி.”

வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. கொல்லையில மாட்டுக்கொட்டாய் ஓரம் ஒரு சாக்கை விரிச்சு உக்காரச் சொல்லி, புள்ளையை மடியில கெடத்துவாங்க. குடிச்சு முடிச்சதும் வாங்கிக் குளிப்பாட்டிட்டுத்தான் உள்ள கொண்டு போவாங்க. தைலாயி அந்தப் புள்ளை மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பாளாம். இன்னைக்குச் செத்துடும், நாளைக்குச் செத்துடும்னு வவுத்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருப்பாளாம்.

அது சாவல. கன்னம் உப்புச்சு. காலை ஒதைச்சுது. ஒருநாளு பாலைக் குடிச்சுக்கிட்டே நிமிந்து பாத்துச் சிரிச்சுது.

அந்தச் சிரிப்பைப் பாத்தப்பத்தான் அவளுக்கு நெஞ்சுல அடிச்சுதாம். அதே மாரு, அதே பாலு. அப்ப என் குஞ்சு எப்படிப் போச்சு?

யாருகிட்டக் கேக்கறது? மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டா. ஒருநாளு அந்தப் புள்ளைக்கு வயித்து வலி. வீறிட்டு அழுவுது. குமுதவல்லி கையைப் பெசைஞ்சுக்கிட்டு நிக்கறா. தைலாயி வெள்ளந்தியாச் சொன்னா:

“சின்னம்மா, காரியக்காரருகிட்ட மாந்த மருந்து இருக்குங்க. கறுப்பா, தகர டப்பியில. கடுகளவு தடவினா நல்லாத் தூங்குங்க.”

குமுதவல்லி திடுக்குன்னு புள்ளையைப் புடுங்கி மாரோட அணைச்சுக்கிட்டா.

“அடிப்பாவி! அது அபினிடி! பச்சைப் புள்ளைக்கு அதையா குடுப்பாங்க? தூக்கத்துலயே உசுரு போயிடும்டி!”

“எங்க புள்ளைங்களுக்கு தெனம் குடுக்கறாங்களே சின்னம்மா?”

குமுதவல்லி புள்ளையைத் தோள்ல சாய்ச்சுத் தட்டிக்குடுத்தா. அப்பறம் சொன்னா: “உங்க புள்ளைங்களுக்கு அதெல்லாம் பழகியிருக்கும்.”

அவ கெட்டவ இல்லியாம். யோசிக்காமச் சொன்ன சொல்லுதானாம். ஆனா தைலாயி எழுந்திரிச்சு நடந்தப்ப, தரை காலுக்குத் தட்டுப்படலியாம். பழகியிருக்கும். பழகியிருக்கும். அதையே சொல்லிக்கிட்டுப் போனாளாம்.

மறுநாளு காலையில புங்கமரத்தடிக்கு வந்தா. பொன்னுருவி அப்பத்தான் டப்பியைத் தொறக்கறா.

“அதைக் குடு ஆத்தா.”

“ஐயோ, காரியக்காரரு கேப்பாரேடி?”

“ஆண்டை வீட்டுப் புள்ளைக்கு வேணும். கேட்டா அப்படிச் சொல்லு.”

டப்பியை வாங்கி மடியில கட்டிக்கிட்டுக் கொல்லைக்குப் போனா. புள்ளையைக் கொண்டாந்து மடியில போட்டாங்க. வயிறு நெறையப் பால் குடுத்தா. வாயைத் தொடைச்சுவிட்டா. அது அவ வெரலைப் புடிச்சுக்கிட்டு விடல. இது என்ன பாவம் பண்ணுச்சுன்னு ஒரு நெனப்பு. என்னோடது என்ன பாவம் பண்ணுச்சுன்னு இன்னொரு நெனப்பு. அது புடிச்சிருந்த வெரலை உருவிக்கிட்டு, டப்பியைத் தொறந்து, கடுகளவு எடுத்து, நாக்குல தடவிட்டா.

ஓடல. அங்கேயே உக்காந்திருந்தா.

புள்ளையைக் குளிப்பாட்டினாங்க, முழிக்கல. தட்டினாங்க, முழிக்கல. மூச்சு நூலு மாதிரி போவுது. வீடே கத்துச்சு. வைத்தியரு ஓடியாந்து புள்ளையைக் கவுத்து, முதுகுல தட்டி, உள்ளங்காலைச் சுண்டி, என்னென்னமோ பண்ணினாரு. ஐயா கொல்லைக்கு வந்து தைலாயி முன்னால நின்னாரு.

“என்னத்தைடி குடுத்த?”

டப்பியை எடுத்து நீட்டினா. “மாந்த மருந்துங்க ஆண்டே. எங்க புள்ளைங்களுக்கு நீங்க வாங்கிக் குடுத்ததுங்க.”

ஐயா தொறந்தாரு, மோந்தாரு. “வெசம்! என் பேரனுக்கு வெசத்தை வெச்சுட்டாடா!”

“வெசமுங்களா ஆண்டே?”ன்னு தைலாயி கேட்டாளாம். சத்தம் போட்டுக் கேக்கல. மெதுவாக் கேட்டாளாம். “அப்ப என் குஞ்சு நாக்குல தடவினது?”

சீராளன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அந்த நேரத்துக்கு உள்ள புள்ளை வீல்னு அழுதுச்சு. பொழைச்சுக்கிச்சு. புள்ளை பொழைச்சதும் ஐயாவுக்குக் கோவம் ரெட்டிப்பாச்சு. டப்பியை அவ மடியில எறிஞ்சாரு.

“மருந்துதானே? நீயே தின்னுடி. பூராத்தையும் தின்னு.”

ரெண்டு ஆளு தோளை அழுத்திப் புடிச்சாங்க. சீராளன் தாடையை நெரிச்சான். டப்பியை வழிச்சு வழிச்சு வாயில அப்பினாங்க. குமுதவல்லி கதவோரத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா.

தைலாயி எழுந்திரிச்சா. குடிசைக்குப் போகல. நேரா வயலைப் பாத்து நடந்தா. பொழுது ஏறி, உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முந்தின நேரம். போற வழியிலேயே சத்தம் கேட்டுச்சு. அன்னைக்கு எந்தப் புள்ளைக்கும் மருந்து இல்லியே? புங்கமரத்துல அத்தனை ஏணையும் கத்துது. சேத்துல தாய்மாரு குனிஞ்ச தலை நிமிராம நட்டுக்கிட்டே அழறாங்க. ஏறினா அடி விழும்னு ஒருத்தியும் ஏறல.

பொன்னுருவிக்குக் கை ஓயல. தைலாயியைப் பாத்ததும் ஒரு புள்ளையைத் தூக்கி நீட்டினா. “நீ பாலுக்காரிதானேடி, இதுக்கு ஒரு வாய் குடேன்.”

அந்தப் புள்ளை வாசம் புடிச்சு அவ மாரைத் தேடுச்சு. தைலாயி அதை ரெண்டு கையாலயும் எட்டப் புடிச்சா. “வேணாம் ஆத்தா! இன்னைக்குத்தான் என் பாலு நெசமாவே வெசம்.”

வரப்பு மேல ஏறி நின்னா. கண்ணு சொருகுது, காலு நிக்கல. மரத்தைப் புடிச்சுக்கிட்டுக் கூப்பிட்டா:

“ஏய், பொம்பளைங்களா! நம்ம புள்ளைங்க நாக்குல வெச்சது வெசமாம்டி! ஆண்டையே சொல்லிட்டாரு! என் பாலு கெடல, உங்க பாலும் கெடல. ஏறி வாங்கடி! வந்து பால் குடுங்கடி!”

ஒருத்தி கையில இருந்த நாத்து முடியைக் கீழ போட்டா. அவளைப் பாத்து இன்னொருத்தி போட்டா. அப்பறம் வரிசையே ஏறுச்சு. பின்னாலயே ஓடியாந்த சீராளன் விளாரை ஓங்கினான். முதுகுல அடிச்சான், தோள்ல அடிச்சான். தாய்மாரு புள்ளைங்களை மடியில போட்டுக் குனிஞ்சுக்கிட்டாங்க. அடி முதுகோட நின்னுச்சு, புள்ளை மேல படல. ரத்தம் வழியுது, அடி விழுந்துக்கிட்டே இருக்கு, ஒருத்தியும் புள்ளை வாயை எடுக்கல. கடைசியில அவன் கைதான் ஓஞ்சு போச்சாம்.

தைலாயி அதைப் பாத்தா. மரத்துல சாய்ஞ்சு உக்காந்தவ தூங்கிட்டா. எழுந்திரிக்கல. வேம்பன் வந்து தூக்கிக்கிட்டுப் போனப்ப, அவன் ஒருத்தர் மொகத்தையும் பாக்கலியாம்.

இதோட முடிஞ்சுதுன்னா நல்லாத்தான் இருக்கும். முடியல. இன்னொண்ணு இருக்கு. அதைச் சொல்லும்போது எங்க ஆளுங்க குரலைத் தாழ்த்திக்குவாங்க.

பண்ணைப் புள்ளைக்குப் பால் வேணுமே? சீராளன் குடிசை குடிசையா வந்து கூப்பிட்டான். ஒருத்தியும் போகல. மெரட்டினான், கெஞ்சினான், போகல. கடைசியில ஒருநாளு குமுதவல்லியே புள்ளையைத் தூக்கிக்கிட்டு வரப்புக்கு வந்துட்டா. சேத்துல கால் வெச்சு அறியாதவ. வழுக்கி விழுந்து, எழுந்து, புடவையெல்லாம் சேறு.

“குத்தம் பண்ணினது நாங்க. இது ஒண்ணும் பண்ணலியே. யாராச்சும் ஒரு வாய் குடுங்கம்மா”ன்னு அழுதா.

வரப்பு நெறையப் பால் குடுக்கற பொம்பளைங்க உக்காந்திருந்தாங்க. எல்லாரும் அவளைப் பாத்தாங்க. ஒரு கை நீளல. புள்ளை அழுது அழுது, சத்தம் தேஞ்சு, மொனகலாச்சு. அவ நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டா. அறுப்புக்கு முன்னால அந்தப் புள்ளையும் போச்சு.

அன்னைக்கு வரப்புல இருந்த பொம்பளைங்க ஒருத்திக்கும் அதுக்கப்பறம் நிம்மதி இல்லியாம். சாவற வரைக்கும் அந்த மொனகல் காதுல கேட்டுச்சாம்.

அதுலேருந்துதான் அந்த வரப்புக்குப் பால்வரப்புன்னு பேரு. தாழைவெளியில இன்னைக்கும், உச்சிக்கு முந்தின அந்த நேரம் வந்துட்டா, நடவோ, களையெடுப்போ, நூறு நாள் வேலையோ, கைப்புள்ளைக்காரிங்க போட்டது போட்டபடி எழுந்திரிச்சுப் போயிடுவாங்க. புதுசா வந்த மேஸ்திரி யாராவது, “யாரைக் கேட்டு எழுந்திரிச்சீங்க?”ன்னா, “தைலாயி கூப்பிட்டா”ன்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல பேச்சு கெடையாது.

இன்னொரு வழக்கமும் இருக்கு. அந்த வரப்புல எந்தக் கைப்புள்ளை அழுதாலும் பக்கத்துல இருக்கற பால்காரி வாங்கி மடியில போட்டுக்கணும். வெளியூருப் புள்ளையா இருந்தாலும் சரி, பகையாளி வீட்டுப் புள்ளையா இருந்தாலும் சரி. அது குடிச்சு முடிச்சு, ஏப்பம் விட்டதுக்கப்பறம்தான், “இது யாரு வீட்டுப் புள்ள?”ன்னு கேப்பாங்க. அதுக்கு முன்னால கேக்க மாட்டாங்க.