காலருக்குள் விலாசம்

"படிச்சு என்ன கிழிக்கப்போறே?" என்று அத்தை ஒருமுறை கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான்தான்.

போன வாரம் கண்டோன்மென்டிலிருந்து ஜட்கா வண்டியில் வந்தேன். எதிரே ஓர் அண்ணியும் நாத்தனாரும்.

"உன் அண்ணன் என்னையே அக்கான்னு கூப்பிடுறாரு," என்று அண்ணி சிரித்தாள்.

"சிரிக்காதீங்க அண்ணி. கிழவங்களுக்கு வர்ற மறதி நாப்பத்தஞ்சுலயே வந்துடுச்சு, மருந்தே கிடையாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் காயிதத்துல கைநாட்டு வெச்சிடுங்க."

"வெக்கமாட்டேன். ஏழாங்கிளாஸ் படிக்கிற என் பொண்ணு அந்த இங்கிலீஷ் காயிதத்தை எழுத்துக்கூட்டிப் படிச்சா. சேர்த்துக்கறதுக்குத்தான் எழுதியிருக்காம். திருப்பி அனுப்புறதைப் பத்தி ஒரு வரி இல்லையாம்."

"வழி தெரியாம எங்கயாவது போயிட்டா?"

"அவதான் அவரு சட்டை எல்லாத்துலயும் காலருக்குள்ள வீட்டு விலாசத்தைச் செவப்பு நூல்ல தெச்சிருக்கா. தமிழ்லயும் கன்னடத்துலயும்! நேத்து அல்சூர் வரைக்கும் போயிட்டாரு. அதைப் படிச்சுப் பார்த்துட்டு ஒரு போலீஸ்காரரே கொண்டுவந்து விட்டாரு. என் வீட்டுல இருக்கட்டும் அவரு."



எனக்கு ஏனோ பெருமை தாங்கவில்லை. இறங்கியதும் நேராக நான் படித்த பள்ளியின் பாதிரியாரைப் பார்த்தேன். ஞாயிறு மதியங்களில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தரப் பள்ளி அறைச் சாவியை வாங்கிவிட்டேன்.