ஹெட்டைச் சுற்றிய சாக்கு

என் பெயர் சவரியப்பன், தகப்பனார் பெயர் மரியசூசை, வயது நாற்பத்தெட்டு, விருதுநகர் சூலக்கரையில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், குடியிருப்பதும் பட்டறைக்குப் பின்னால்தான். இன்று விசாரணைக்கு வந்து, கேட்டதற்கு என் வார்த்தையில் சொல்வதாவது:

அய்யாதுரை என்னைவிட வயதில் இளையவர், பல வருடப் பழக்கம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் அவருடையது. அவர் மனைவி பொன்னுத்தங்கமும் அதே வேனில் போய் அங்கே மருந்து அடைக்கும் வேலை பார்க்கிறார். சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் அய்யாதுரை என்னிடம் வந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓட்டி, வண்டி கொதித்து நின்றதும் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். இன்ஜினுக்கு மேல்மூடியாக உட்காரும் அலுமினிய ஹெட் இரண்டு வால்வுக்கும் நடுவில் விரிசல் விட்டுவிட்டது. பக்கத்து மெக்கானிக் ஷெட்டில் வேனை நிறுத்தி, கழற்றிய ஹெட்டைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார்.

புதிது வாங்கிப் போடச் சொன்னேன். "வர ஒரு வாரம் ஆகும்ங்காக அண்ணே. தீவாளி சீசன். நா வண்டி எடுக்கலன்னா கம்பெனி வேற வேன வச்சுக்கிருவாக, பெறகு என்னைய யாரு கூப்புடுவா" என்றார். அதற்கு மேல் மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதன் பின்னர் ஹெட்டைக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, விரிசலை அடிவரை கிரைண்டரால் பள்ளம் பறித்து, கேஸ் தீயில் ஹெட் முழுவதையும் சீராகச் சூடேற்றி, ஆர்கான் வெல்டிங் வைத்தேன். ஒட்டிய அலுமினியம் காற்றுப்பட்டு வேகமாக ஆறினால் மறுபடி விரிசல் விடும். ஆகவே எப்போதும் காய்ந்த மணல் தொட்டியில் புதைத்து மெதுவாக ஆறவிடுவேன். முந்தின நாள் மழைக்குக் கூரை ஒழுகித் தொட்டி மணல் நனைந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வேலை தொடங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

அதன் பின்னர், சுற்றி வைக்கக் காய்ந்த சணல் சாக்கு இருந்தால் கொண்டுவரும்படி அய்யாதுரையிடம் நானே கேட்டேன். அவர் வேனில் சீட்டுக்கு அடியில் கிடந்த சாக்கை எடுத்து வந்தார். அது கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் தரைக்கு விரிக்கிற சாக்கு என்று பிறகு பொன்னுத்தங்கம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உராய்ந்து தீப்பிடிக்காமல் இருக்க அங்கே அதை எந்நேரமும் நனைத்தே வைப்பார்களாம். பழசான ஒன்றை வேனில் கால்மிதிக்குப் போட்டிருக்கிறார்கள். வேனில் அது காய்ந்துபோனது, அதில் ஊறிய மருந்து மட்டும் போகவில்லை.

சாக்கில் வெள்ளி மினுக்கம் இருந்ததைப் பார்த்தேன். கிரைண்டர் ஓடினால் என் சட்டையிலும் சோற்றிலும்கூட அலுமினியத் தூள் ஒட்டும், அதனால் என் பட்டறைத் தூள்தான் என்று நினைத்துவிட்டேன். பட்டாசுக்குப் போடுவதும் அதே தூள்தான் என்பது இந்த ஜில்லாவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நேரம் புத்தி வேலை செய்யவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பின்னர் ஹெட்டைப் பலகைமேல் வைத்துவிட்டு நான் கேஸ் சிலிண்டரை அடைக்கத் திரும்பினேன். அய்யாதுரை சாக்கைச் சுற்றினார். கையுறை என் கையில்தான் இருந்தது. பெரிய சத்தம் இல்லை, ஹெட்டின் சூட்டில் சாக்கு புஸ்ஸென்று சீறி வெள்ளையாக எரிந்தது. அவரை இழுத்துப்போட்டு, இரண்டு கைகளையும் தண்ணீர் டிரம்முக்குள் அமுக்கிப் பிடித்தேன். அந்த வலியிலும், "ஹெட்டு தப்பிச்சுதாண்ணே" என்றுதான் கேட்டார்.

ஹெட் தப்பித்தது. நீங்கள் கைப்பற்றி மேஜைமேல் வைத்திருப்பது அதுதான், ஒட்டு விடவில்லை. அவர் விரல்கள் இனி ஸ்டியரிங் பிடிக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

அய்யாதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தை ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். சாக்கைத் தானாகவே எடுத்து வந்ததாகவும், நான் வேண்டாம் என்று தடுத்தும் தான் கேளாமல் சுற்றியதாகவும் அதில் இருக்கிறது. அதன்படி வழக்கு அவர் ஒருவர் மேல்தான் வரும், எனக்கு ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்கள். தன் வண்டிதான் நின்றுவிட்டது, என் பட்டறையாவது பூட்டாமல் இருக்கட்டும் என்று அப்படிச் சொல்லியிருப்பார். அவர் சொன்னது பொய். நான் தடுக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே, "ஏலே, காத்து படாம நல்லா இறுக்கிச் சுத்து" என்றேன். அவர் இறுக்கிச் சுற்றினார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. அவர் வாக்குமூலத்தோடு இதையும் சேர்த்து வைக்கக் கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ம. சவரியப்பன்