மூக்குத் திறக்க ஒரு ஓட்டம்

பேயும் இல்ல, பிசாசும் இல்லக்கா. மூக்கு. மூக்குக்காகத்தான் ஓடுறேன். சர்தார்ஜி வீட்டம்மா என்னப் பாத்து பாகல்னு சொல்றது எனக்கும் கேக்கும். பைத்தியம்னு அர்த்தம். சொல்லிட்டுப் போகட்டும். நீங்க நேர்ல வந்து தமிழ்ல கேக்குறீங்க, அது மரியாதை.

உக்காருங்க. எதுத்த குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு வாரந்தான ஆவுது, பெட்டியத் தெறந்து பாத்தீங்களா? சேலையெல்லாம் பூசணம் பூத்திருக்குமே. இந்தத் தீவுல, அதுலயும் கேம்பல் பேல, மழ நிக்கவே நிக்காது. அந்தப் பூசணந்தான் எனக்கு எமன். மொதல்ல தும்மல், பெறவு தண்ணியா ஒழுகும், பெறவு ரெண்டு பக்கமும் சிமெண்டு வச்சுப் பூசுன மாதிரி அடச்சிக்கும். டாக்டர் அலர்ஜின்னாரு, மாத்திர தந்தாரு. போட்டா தூக்கமா வருது. கைப்பிள்ளக்காரி தூங்கலாமா?

இந்த ஓட்டம் தூத்துக்குடி கான்வென்ட்ல படிச்சது. டிரில் சிஸ்டர் விசில் ஊதுவாங்க. ஒரு விசிலுக்கு உசுரு போற மாதிரி ஓடணும், அடுத்த விசிலுக்கு நடக்கணும், மறுபடி ஓடணும். காலையில ஜெபத்துல தும்மித் தும்மித் திட்டு வாங்குறவ, டிரில் முடிஞ்சதும் போர்டிங்ல இன்னைக்கு என்ன கொழம்புன்னு மைதானத்துல நின்னே சொல்லிருவேன்.

இங்க விசிலுக்கு எங்க போக? கேட்டுலருந்து தண்ணிக் கொழா வரைக்கும் ஓட்டம், கொழாயிலருந்து ரேஷன் கட வரைக்கும் நட. திரும்பி வர்றப்பவும் அப்படித்தான். சும்மா நடந்தா தெறக்காது. ஒரேயடியா ஓடுனா நெஞ்சு இழுக்குது. விட்டு விட்டு ஓடுனாத்தான். தெறந்தா ஒரு ஒல சோறு பொங்குற நேரம் நிக்கும், பெறவு அடச்சிரும். ஆனா நெசமாச் சொல்றேன், விடாம ஓடுனதுல காலையில வர்ற தும்மலே கொறஞ்சிருக்கு.

காலையில ஓடலாந்தான். எனக்குச் சாயங்காலந்தான மூக்கு வேணும். அவுக படகுத்துறையிலருந்து வர்ற நேரம்.

இவன் பேரா? மிக்கேலு. பாருங்க, அப்பா வர்ற நேரம்னு தெரிஞ்சு வாசலையே பாக்குறான். வந்ததும் டொங்கியில தூக்கி வச்சுக் கூட்டிட்டுப் போவாக. சின்னப் படகுக்கா, இங்க டொங்கிம்பாங்க. கடலுக்குள்ள இருக்குற பாற வரைக்கும் துடுப்புப் போட்டுட்டு வருவாக. நான் கடக்கரையில பொறந்தவதான், ஆனாலும் கடல்னா பயம். பிள்ள இன்னும் எந்திரிச்சு நிக்கவே இல்ல.

தரமாட்டேன்னு எப்படிக்கா சொல்ல? அவுகள மாதிரி ஒரு தகப்பன் இந்தத் தீவுல கெடையாது. ஞாயித்துக்கெழம அவுகளேதான் எண்ண தேச்சிக் குளிப்பாட்டுவாக. ஒருநாள் பிள்ளையக் கழுத்து வரைக்கும் நனைச்சுக் கொண்டாந்தாக. அலைன்னாக. நானும் அலைன்னுதான் தொவட்டி விட்டேன். மறுநாள் கோவிந்தராஜ் தம்பி, அவுககூட வேல பாக்குறவரு, கொழாயடியில கேட்டாரு, அண்ணி, ஒங்களுக்கு வாடையே தெரியலியான்னு.

ஆமாக்கா, சாராயம். மத்தவுக குடிச்சாச் சத்தம் போடுவாக. இவுக இன்னும் அமைதியாயிருவாக. கால் தள்ளாடாது, நாக்கு கொழறாது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். வாடை இருந்தா பிள்ளைக்கு வயித்தால போவுதும்பேன். அவன் தலையத் தடவிட்டுப் போயிருவாக. வாடை இல்லன்னா தூக்கிக் குடுத்துருவேன்.

இன்னைக்கா? ஓடலாம்னு சேலையத் தூக்கிச் சொருவுறப்பத்தான நீங்க வந்தீங்க. ரெண்டு பக்கமும் அடச்சுத்தான் கெடக்கு. எந்திரிக்காதீங்க, பரவால்ல, கேட்டுச் சத்தம் கேட்டிருச்சு. ஒங்களுக்கு மூக்கு நல்லாத்தான இருக்கு? அவுக பிள்ளைய வாங்கக் கைய நீட்டுறப்பக் கொஞ்சம் பக்கத்துல வந்து நில்லுங்கக்கா. வாடை இருந்தா எங்கிட்ட ஒரு கரண்டி சீனி கேளுங்க. இல்லன்னா ஒண்ணும் கேக்க வேண்டாம்.